போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்கிறதா?

என் மகன் இரண்டரை வயதில் வாசல்படியில் நின்றுகொண்டு ஜீப் எண்ணுவான். எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் விடியற்காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். "ஒண்ணு ஜீப்பு, ரெண்டு ஜீப்பு, மூணு ஜீப்பு" என்பான். அதற்கு மேல் எண் தெரியாது. அடுத்து வருவதெல்லாம் "இன்னொரு ஜீப்பு".

மூன்று வயது தாண்டியபோது "ஜீப்பு" மட்டும் மிச்சம் இருந்தது. எண்கள் போய்விட்டன. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், விளையாட்டு மும்முரத்தில் சொல்ல மறந்திருப்பான் என்று இருந்துவிட்டேன். நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். வந்த பேச்சு திரும்பிப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். "இவங்க அப்பனும் நாலு வயசுலதாம்மா வாய் திறந்தான்" என்றார் அத்தை. என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினோம். குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்தோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லோரும் அவன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

2019 நவம்பரில் முதல் ஃபிட்ஸ் வந்தது. அப்போது அவனுக்கு மூன்று வயது மூன்று மாதம். பக்கத்து வீட்டார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மருத்துவமனையில் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் நின்றது, அப்புறம் வேறு விதமாக வந்தது. கை திடீரென்று துள்ளும், டம்ளர் எகிறிப் போகும். நடக்கும்போது கால் பின்னிக்கொண்டு விழ ஆரம்பித்தான். ஒரு இடத்தில் ஆட்டிசமாக இருக்கலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் வலிப்பு மருந்தின் மயக்கம் என்றார்கள். நடுவில் ஊரடங்கு வந்து ஐந்து மாதம் எங்கும் போக முடியவில்லை. ஒவ்வொரு டாக்டரும் அன்றைக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையைத்தான் பார்த்தார். போன வருடத்துப் பிள்ளையை அவர்களுக்குத் தெரியாது.

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர், பையனைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார். "டீச்சர், இவன் முன்னாடி செஞ்சு, இப்ப செய்யாம விட்டது ஏதாவது இருக்கா?" பதினான்கு மாதத்தில் அந்தக் கேள்வியை முதல்முறை கேட்டேன். எனக்கு வாயில் பதில் வரவில்லை. போனை எடுத்து இரண்டாவது பிறந்தநாள் வீடியோவைக் காட்டினேன். கேக்கைச் சுற்றி ஓடுகிறான், "அக்கா வா" என்கிறான். அப்புறம் நான்காவது பிறந்தநாள். அவன் அப்பா இடுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். டாக்டர் இரண்டையும் இரண்டு தடவை பார்த்தார்.

பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால், எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளை சாதாரணமாக நடப்பதையும் பேசுவதையும் சாப்பிடுவதையும் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிட்ஸ் வந்தால் ஒருவர் பிள்ளையைப் பார்க்கட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும். "அடிக்கடி விழுறான் டாக்டர்" என்று நான் பத்து இடத்தில் சொன்னதை விட அந்த இரண்டு வீடியோக்கள் அதிகம் சொல்லின.

அடுத்து வேகமாக நடந்தது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுக்கும்போது, கண் முன் விளக்கை விநாடிக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் மெதுவாகச் சிமிட்டச் சொன்னார். வழக்கமாக வேகமாகச் சிமிட்டுவார்களாம். மெதுவான வெளிச்சத்துக்கு மூளை ஒவ்வொரு தடவையும் துள்ளியது. எம்ஆர்ஐ படத்தில் சிறுமூளை சுருங்கியிருந்தது. ஒரு அட்டையில் சில சொட்டு ரத்தத்தைக் காயவைத்து அனுப்பினார்கள். டிபிபி1 என்ற என்சைம் ஏறக்குறைய இல்லை என்று வந்தது. மரபணுப் பரிசோதனையும் அதையே சொன்னது. சிஎல்என்2, பேட்டன் நோயில் ஒரு வகை.

அந்த என்சைம் என்ன செய்கிறது என்று அன்று இரவு என் வீட்டுக்காரர் கேட்டார். நான் எங்கள் ஊர் வாய்க்காலை வைத்துத்தான் சொன்னேன். முல்லைப்பெரியாறு தண்ணீர் வரும் வாய்க்காலில் வருடா வருடம் வண்டல் சேரும், தூர் வாருகிறோம். செல்லுக்குள்ளும் அன்றாடம் புரதக் கழிவு சேரும், தூர் வாரும் ஆள் அந்த என்சைம். அவனுக்கு அந்த ஆள் இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. மூளையின் செல்கள் ஒரு முறை போனால் திரும்ப வராது என்பதால் அடைப்பு முதலில் அங்கேதான் தெரிகிறது. முதலில் பேச்சு, பிறகு வலிப்பு, நடை, பார்வை, விழுங்கும் திறன். இந்த வகை வந்த பிள்ளைகள் பலர் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் போய்விடுகிறார்கள் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். சொன்னதற்கு அவருக்கு நன்றி.

மருந்து உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்று உண்டு. செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்று பெயர், 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தலையின் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் பொருத்தி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூளையின் நீர்ப்பைக்குள் என்சைமை ஏற்றுகிறார்கள். நடையும் பேச்சும் குறைவதை அது மெதுவாக்குகிறது. பார்வையைக் காப்பாற்றுவதில்லை. போனதைத் திருப்பித் தருவதும் இல்லை. அனுமதி கிடைத்த 2017இல் அமெரிக்காவில் அதன் விலை வருடத்துக்குச் சுமார் 7 லட்சம் டாலர். நம் நாட்டின் அரிய நோய்க் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. 2022இல் இருந்து ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றார்கள். இந்த இரண்டு தொகைகளும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்காது என்று கணக்குப் போடாமலே தெரியும். எங்களுக்குப் பெயர் தெரிந்த அன்று அவன் நடையை முழுவதும் இழந்திருந்தான்.

பதினான்கு மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் அந்தப் பணம் எங்களிடம் இருந்திருக்காது, உண்மைதான். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்துக்குள், 2020 செப்டம்பரில், என் தம்பிக்கும் என் நாத்தனாருக்கும் கல்யாணம் செய்து வைத்திருந்தோம். எங்கள் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சாதாரணம். நான் அத்தை மகனைக் கட்டினேன், என் தம்பி அதே அத்தையின் மகளைக் கட்டினான். இரண்டு வீட்டிலும் சந்தோஷமாகத்தான் செய்தோம்.

மரபியல் ஆலோசகர் முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தபோது, அவர் எங்கள் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார். வட்டமும் கட்டமும் வரைந்து முடித்ததும் தம்பி பெயருக்கும் நாத்தனார் பெயருக்கும் நடுவில் இருந்த கோட்டில் பேனாவை வைத்து, "இவங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. அதுவரை நான் என் பிள்ளையை மட்டுமே நினைத்திருந்தேன்.

அவர் விளக்கியது இது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பிழை இருந்தால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், வாழ்நாள் முழுவதும் தெரியவே தெரியாது. எனக்கு ஒன்றில் பிழை, என் வீட்டுக்காரருக்கும் ஒன்றில் அதே பிழை. எங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அது இறங்கியிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அந்தப் பிழையான பிரதியையே கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு நோய்.

"அப்ப நாலுல ஒண்ணு. ஒண்ணு வந்துருச்சு, அடுத்த மூணும் நல்லா இருக்கும்" என்றார் என் மாமனார். இதைத் திரும்பத் திரும்பப் பல குடும்பங்களில் கேட்டுவிட்டேன். அப்படி இல்லை. பூவா தலையா போடுவது மாதிரி. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு காசு சுண்டுகிறோம், இரண்டிலும் பூ விழுந்தால் நோய். போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகச் சுண்டுகிறோம்.

இன்னொன்றும் அந்த அறையில் நடந்தது. "பொம்பளை வயித்துல குத்தம்" என்று இரண்டு வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சுக்கு, சரிபாதி அம்மா, சரிபாதி அப்பா என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பதில் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குற்றம் என்று ஒன்றுமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. இன்னொரு நாத்தனார் கல்யாணத்துக்கு இருந்தாள். "விஷயம் வெளிய போனா யாரு பொண்ணு எடுப்பா?" என்று அத்தை அழுதார். அந்தப் பயம் பொய்யில்லை, எங்கள் ஊரில் அப்படித்தான் நடக்கும். நான் நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்புறம் ஒரு மாலையில் தம்பியை வாய்க்கால் கரைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "அக்கா, அவ நாள் தள்ளிப்போயிருக்கு. யாருகிட்டயும் இன்னும் சொல்லல" என்றான்.

எங்கள் பிழை எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவர்கள் இருவருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதுமாக இருந்தது. முடிவு சீக்கிரம் வந்தது, இருவருக்கும் அது இருந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் சென்னையில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். இந்தப் பரிசோதனையைச் சட்டம் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை. மரபணு நோய் இருக்கிறதா என்று பதிவு பெற்ற இடத்தில் பார்ப்பதை அது அனுமதிக்கிறது. இரண்டு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்கு நோய் இல்லை. இப்போது அவள் என் வீட்டு முற்றத்தில் ஓடுகிறாள், நிறுத்தாமல் பேசுகிறாள். அத்தை இப்போது என்னைப் பேசவிடாமல் தானே சொல்கிறார்: "சொந்தத்துல கட்டுனா கட்டுங்க. ஆனா வீட்ல இப்படி ஒரு பிள்ளை இருந்தா முதல்ல ரத்தத்தைப் பாருங்க."

தமிழ்நாட்டில் நான்கு கல்யாணத்தில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடக்கிறது. அதைத் தப்பு என்று மேடையில் கத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள், அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களுக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. என் மூத்த மகள் நன்றாக இருக்கிறாள். அவளுக்கும் உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். ஆலோசகர் வேண்டாம் என்றார். அவளுக்கு நோய் இல்லை. பிழையான பிரதி ஒன்று இருக்கிறதா என்பதைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். எனக்கு அது சரி என்று பட்டது.

சரி, ஊருக்குச் சொல்லலாம் என்று இறங்கியது 2022இல். ஜூன் 9 உலகமெங்கும் பேட்டன் நோய் விழிப்புணர்வு நாள். 500 நோட்டீஸ் அச்சடித்தேன். மேலே பெரிதாக "பேட்டன் நோய்". கீழே 1903இல் லண்டனில் ஃபிரெடெரிக் பேட்டன் என்ற மருத்துவர் விவரித்தது, அதற்கும் முன்னால் 1826இல் நார்வேயில் ஸ்டெங்கல் என்ற மருத்துவர் ஒரே வீட்டின் நான்கு பிள்ளைகளைப் பற்றி எழுதியது, மரபணுவின் பெயர் எல்லாம் போட்டேன். சந்தையில் நின்று கொடுத்தேன். வாங்கியவர்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். ஒருவர்கூடத் தன் வீட்டுப் பிள்ளையை நினைத்து எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது எங்கள் வீட்டுத் துயரம்.

அன்று கீரை விற்கும் ஒரு அப்பத்தா மட்டும் நோட்டீஸை என்னிடமே நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பாட்டன் நோயா தாயி? பாட்டன் சொத்து மாதிரியா?" என்றார். பேட்டன் அவர் காதில் பாட்டன் என்று விழுந்திருக்கிறது. திருத்த வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார். ஆமா அப்பத்தா, பாட்டன் கிட்ட இருந்து ரெண்டு வழியா வந்து பேரன்கிட்ட சேருது என்றேன். "எங்க கொழுந்தன் வீட்லயும் ரெண்டு பிள்ளைக ஓடி ஆடிக்கிட்டு இருந்துட்டு அப்படியே படுத்துருச்சுக. சாமி குத்தம்னு சொன்னாக" என்றார். அந்தப் பிள்ளைகள் முப்பது வருடத்துக்கு முன்பே போய்விட்டார்கள். என்ன நோய் என்று இனி யாருக்கும் தெரியாது.

அன்று இரவு மீதி நோட்டீஸ்களைக் கட்டி வைத்துவிட்டேன். நோயின் பெயரை யாரும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை என்று புரிந்தது. அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு ஊரிலும் சொல்லி முடியாது. ஆனால் ஓடி ஆடிய பிள்ளை அப்படியே படுத்தது என்பதை அந்த அப்பத்தாவால் முப்பது வருடம் ஞாபகம் வைக்க முடிந்திருக்கிறது. மதுரை டாக்டர் கேட்டதும் அதையேதான்.

அதனால் இப்போது நான் ஒரே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்கிறதா? மாத எடை பார்க்கும் நாளில் அங்கன்வாடிப் பணியாளர் அம்மாவிடம் இதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2013இல் இருந்து மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வருகிறது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையாகப் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் தாமதம் வேறு, இழப்பு வேறு. தாமதமாக நடக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். நடந்த பிள்ளை நடையை விட்டால் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் குழு அந்த மாற்றத்தைப் பிடிப்பது கடினம். மாதாமாதம் பார்க்கும் பணியாளருக்குத்தான் அது தெரியும். எங்கள் வட்டாரத்தில் சிலர் எடைக் குறிப்பேட்டின் ஓரத்தில் கோடு போட்டு, அந்த மாதம் பிள்ளை புதிதாகச் செய்ததையும் விட்டதையும் ஒரு வரி எழுதுகிறார்கள்.

கூட்டங்களில் ஃபிட்ஸ் பற்றியும் ஐந்து நிமிடம் சொல்வேன். சாவி வேண்டாம், இரும்பு வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். எங்கள் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே டாக்டர் சொன்ன அளவில் எப்போதும் இருக்கிறது. ஒரு வலிப்பு மருந்தை அவர் நிறுத்தியதையும் சொல்வேன். சில மருந்துகள் இந்த வகைத் துள்ளலை அதிகமாக்கிவிடுமாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் மருந்து மாற்றிய பிறகு துள்ளல் கூடினால் கட்டாயம் போய்ச் சொல்லுங்கள்.

என் மகன் படத்தை நான் கூட்டங்களில் காட்டுவதில்லை. குழாயோடு படுத்திருக்கும் படத்தைப் போட்டால் அழுவார்கள், பணம்கூடத் தருவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். பணம் திரட்டும் பெற்றோர்களை நான் ஒருநாளும் தப்பாக நினைக்கமாட்டேன். அவர்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. ஆனால் நான் ஜீப் எண்ணும் வீடியோவைத்தான் காட்டுகிறேன். பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை அதில் பார்க்க வேண்டும்.

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. பார்வை இல்லை. வயிற்றில் குழாய் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் அவனுக்குப் புரையேறுமோ என்று பயந்துகொண்டே ஊட்டினேன். குழாய் வைக்க நாங்கள் ஒரு வருடம் தயங்கினோம், அந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா வந்தது. தயங்கிக்கொண்டிருக்கும் பெற்றோர் இதைப் படித்தால் டாக்டரிடம் இன்றே பேசுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதல் நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும், நோயின் பெயர் தெரியட்டும் என்று காத்திருந்தது வீண். அட்டைக்குக் குறைபாடுதான் கணக்கு, நோயின் பெயர் இல்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி அதை வைத்துத்தான் வருகிறது. விடியற்காலையில் கட்டிலை இன்னும் வாசல் பக்கம்தான் போடுகிறோம். ஜீப் சத்தம் கேட்டால் அவன் புருவம் உயரும்.

போன ஆடி மாதம் ஒரு அங்கன்வாடி அக்கா போன் செய்தார். "டீச்சர், நீங்க சொன்ன மாதிரி ஒரு பிள்ளை. பதினோரு மாசம். உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தான், ரெண்டு மாசமா உக்கார மாட்டேங்கிறான், முகம் பார்க்க மாட்டேங்கிறான்." எனக்குக் கை நடுங்கியது. அன்றே தேனிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கே ரத்தம் பார்த்ததில் பி12 சத்து அடியோடு இல்லை. அம்மாவுக்கே இல்லை, அதனால் தாய்ப்பாலிலும் இல்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் மூளையில் நிலையான பாதிப்பு ஆகியிருக்கும் என்றாராம் டாக்டர். ஊசி போட்டார்கள், அம்மாவுக்கும் சேர்த்து.

மூன்று வாரம் கழித்து அந்த அக்கா குறிப்பேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஆடி மாத வரியில் "உட்காருவதில்லை, சிரிப்பதில்லை" என்று இருந்தது. அடுத்த வரியில் "என்னைப் பார்த்துச் சிரித்தான்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.